கை சரியானதும் வருகிறேன்

குழந்தையை வாங்கிக்கொள்ள எவாரிஸ்தோ இரண்டு கைகளையும் நீட்டினார். பிறந்து பதினெட்டு நாள் ஆன பேத்தி. மஞ்சள் துணிக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. கொடுப்பதற்காக அரை அடி முன்னால் வந்த மகள் லெத்தி அவருடைய விரல்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, கையில அது என்ன?"

"மரு. எங்க தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான்."

"ஒட்டிக்குமாமே அது."

ஒட்டுமா ஒட்டாதா என்று அவருக்குத் தெரியாது. நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் காற்றில் நின்றன. பிறகு அவற்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அதுவும் சரிதான். பச்சப்புள்ள" என்றார். லெத்தி குழந்தையை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினாள். அம்பாரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. ஒருமுறை கொட்டாவி விட்டது. மருமகன் நாற்காலி போட்டான், காப்பி கொண்டுவந்தான், மழையைப் பற்றியும் ஆரஞ்சு விளைச்சலைப் பற்றியும் பேசினான். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று சொல்லி எவாரிஸ்தோ சால்தோவிலிருந்து தன் ஊரான பைசாந்தூவுக்குத் திரும்பும் பேருந்தைப் பிடித்தார். இரண்டு மணி நேரப் பயணம். சீட்டைக் காட்டுவதற்கு ஒரு தடவை தவிர அவர் கைகள் பையை விட்டு வெளியே வரவில்லை.

முப்பத்தொரு வருஷமாக அவர் நேரியின் கறிக்கடையில் வெட்டுகிறவர். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை கை ஈரத்திலேயே இருக்கும். குளிர்ந்த தண்ணீர், கொழுப்பு, உப்பு. எலும்புச் சிராய் கீறாத நாள் கிடையாது. முதல் மரு வலது ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு பயறு அளவுக்கு வந்தது. மேலே பூக்கோசு மாதிரி சொரசொரவென்று, நடுவில் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் கத்திதான். சீவி எறிந்தார். இரண்டு மாதத்தில் அந்த இடத்தைச் சுற்றி மூன்று முளைத்தன. அடுத்து நடுவிரல், கட்டைவிரல், இடது கை. மனைவி ஒல்கா இருந்திருந்தால் முதல் வாரமே காதைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருப்பாள். அவள் இறந்துபோய் ஆறு வருஷம். வீட்டில் அந்தக் கைகளைப் பார்க்க யாரும் இல்லாததால் அவரும் பார்க்கவில்லை.

கடையில் பார்த்தார்கள். வாடிக்கைக்காரம்மா ஒருத்தி கல்லாப் பக்கம் திரும்பி, "நேரி, நீயே வெட்டிக் குடேன்" என்றாள். மறு வாரம் நேரி அவரைப் பின்னால் குளிர் அறைக்கு மாற்றினான். "அங்கதான் உன்ன மாதிரி கை பழகின ஆள் வேணும்" என்றான். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. கையுறையும் கொடுத்தான். சாயங்காலம் கடையாட்கள் நாலு பேரும் கூடி உட்கார்ந்து மாத்தே என்கிற இலைக் கஷாயம் குடிக்கும்போது, ஒருநாள் அவருக்கென்று தனியாக ஒரு புதுக் குடுக்கையும் உறிஞ்சு குழலும் வந்திருந்தன. ஒரே குடுக்கை நாலு கை மாறி வரும்போதுதான் அது மாத்தே. தனியாகக் குடித்தால் கசப்புத் தண்ணீர். அவர் அந்தப் புதுக் குடுக்கையில் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு, ரொம்பச் சூடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கெல்லாம் போகாதவர், சால்தோவிலிருந்து வந்த மறுநாள் காலை மருத்துவமனை வரிசையில் நின்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை இழுத்து, அவர் கையைத் தன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதிலேயே அவர் கவனம் போய்விட்டதால், அவள் கேட்டதை இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

"எத்தன நாளா இருக்குன்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷம்."

"கத்தி வச்சீங்களா?"

"ஒரே ஒரு வாட்டி."

"அதான் குட்டி போட்டிருக்கு. இனிமே வைக்காதீங்க. இது ஒரு வைரஸ். மேல்தோலுக்குள்ள பதுங்கிக் கெடக்கு. உள்ள ரத்தத்துக்கெல்லாம் போகாது. அதனால இப்படி ஒண்ணு இருக்கறதே உங்க உடம்புக்குத் தெரியல. தெரிஞ்சா அதுவே தொரத்திடும். நாம மருந்து போடறது, உறைய வைக்கறது எல்லாம் உடம்பத் தட்டி எழுப்பத்தான்."

"எப்ப எழுந்திருக்கும்?"

அவள் சிரித்தாள். "சிலருக்கு மூணு மாசம். சிலருக்கு வருஷக்கணக்கு ஆகும். நான் வாக்குக் குடுக்க முடியாது."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "பேத்தி பொறந்திருக்கா டாக்டரம்மா. தூக்கலாமா?"

"தாராளமா. கையக் கழுவுங்க, மரு மேல பிளாஸ்டர் ஒட்டுங்க, தூக்கிக் கொஞ்சுங்க. இதுக்காகப் புள்ளையத் தூக்காம இருப்பாங்களா யாராவது?"

அன்றே முதல் தடவை உறைய வைத்தாள். குடுவையிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. குளிர் அறைக் கொக்கியை ஈரக் கையால் பிடித்தால் பிய்த்துக்கொண்டு போகுமே, அந்த வலி. அதற்குப் பின் சூடு. வெளியே வந்ததும் மரத்தடியில் நின்று லெத்திக்குப் போன் போட்டார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கழுவுவது, பிளாஸ்டர், தாராளமாக.

மறுமுனையில் குழந்தை அழுதது. லெத்தி தூங்காதவளின் குரலில், "வாங்கப்பா. வேண்டாம்னு சொல்லல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா டாக்டர் பிளாஸ்டர் ஒட்டச் சொல்றாங்கன்னா அதுல ஏதோ இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்றாள்.

"சரிம்மா. கை சரியானதும் வர்றேன்."

"அப்பா, நான் அப்படி..."

"நல்லதுக்குத்தான் சொல்றேன். சுத்தமான கையோடவே வர்றேன். புள்ளையப் பாரு."

போனை வைத்த பிறகுதான் தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

கடையை மூடும் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து வைத்தியம் செய்வார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் கை ஊற வேண்டும். ஊறிய தோலை அரத்தால் மெல்லத் தேய்க்க வேண்டும். மருவைச் சுற்றி வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் அமிலம் ஒரு சொட்டு. காய்ந்ததும் ஒட்டுத்துணி. துண்டு தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். தனியாக இருக்கிறவன் யாருடைய துண்டிலிருந்து தன் துண்டைப் பிரித்து வைப்பது? ஆனாலும் டாக்டர் பேச்சைத் தட்டக்கூடாதென்று கொடியில் இரண்டு துண்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். ஒன்று எப்போதும் காய்ந்தே கிடந்தது. வலது கைக்கு மருந்து போட இடது கை தடுமாறும். அமிலம் நல்ல தோலில் பட்டு எரியும். அப்போதெல்லாம் ஒல்காவைத் திட்டுவார், போனதற்காக.

லெத்தி படங்கள் அனுப்பினாள். அம்பாரோ சிரித்த படம், குப்புற விழுந்த படம். ஒவ்வொன்றுக்கும் அவர் 'அழகு' என்று ஒரே சொல்லை எழுதினார். கீழே லெத்தி எப்போதும், "எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு இருக்கு", "இப்ப புதுசா ஒண்ணு" என்று பதில் போகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போவது மட்டும் தவறவில்லை. அந்த நாளில் சவரம் செய்துகொண்டார்.

ஆகஸ்டில் நேரி ஒரு எண்ணைக் கொடுத்தான். தூரத்துக் கிராமத்தில் ஒரு கிழவி, போனிலேயே மந்திரித்து மருவை எடுக்கிறாளாம். எவாரிஸ்தோவுக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கூப்பிட்டார்.

"பேரு?" என்றது தடித்த குரல்.

சொன்னார்.

"முழுப்பேரு சொல்லு. உங்கம்மா வச்ச பேரு."

சொன்னார்.

"எத்தன?"

"பதினொண்ணு."

"நல்லா எண்ணினியா? தப்பா எண்ணினா விட்டுப்போனது அங்கயேதான் இருக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

எண்ணினார். நகத்தோரம் ஒன்று ஒளிந்திருந்தது. "பன்னெண்டும்மா."

"பாத்தியா! ஆம்பளைங்களுக்குத் தன் கைய எண்ணக்கூடத் தெரியல. கூட யாரும் இல்லியா எண்ணிச் சொல்ல?"

"இல்ல."

கிழவிக்குப் பின்னால் எங்கோ கோழி கொக்கரித்தது. பிறகு, "சரி, நான் பாத்துக்கறேன். இனிமே அதையே பாத்துட்டு உக்காராத. நன்றின்னு சொல்லிடாத, சொன்னா பலிக்காது. வச்சிடு" என்றாள்.

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. "அங்க மழையா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அதற்குப் பிறகுதான் வைத்தார்கள்.

எது பலித்ததோ தெரியாது. அக்டோபர் கடைசியில் ஒரு காலையில் கட்டைவிரல் மரு கறுத்துச் சுருங்கியிருந்தது. பத்தே நாளில் ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் உதிர்ந்தன. டாக்டர் கை வைக்காதவைகூடப் போயின. நகத்தோரம் ஒளிந்திருந்ததும் போயிற்று. டாக்டர் விளக்கடியில் வைத்து ரேகைகளைப் பார்த்தாள். "கோடு நேரா ஓடுது பாருங்க, குறுக்க எதுவும் இல்ல. உடம்பு முழிச்சுக்கிச்சு" என்றாள்.

"அடுத்து எப்ப வரணும்?"

"வர வேண்டாம். இனிமே எதுக்கு?"

சந்தோஷமான செய்திதான். வெளியே வந்து, மகளுக்குப் போன் போடுவதற்கு முன்னால், வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடையில் நேரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி முன் மேஜைக்கே வரச் சொன்னான். மாத்தே குடுக்கையும் மறுபடி ஒன்றே ஆனது. நாலாவது கையாக அது அவரிடம் வந்தபோது, எட்டு மாதம் அவர் என்ன குடித்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சால்தோவில் லெத்தி கதவைத் திறந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு கைகளையும் அவள் முன் விரித்துக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "எளச்சிட்டீங்கப்பா" என்றாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து, தயங்காமல், கேட்காமல், அவர் கையில் கொடுத்தாள்.

அம்பாரோவுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு பல். நல்ல கனம். அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. உதடு கோணியது. பிறகு வீடே அதிரும்படி வீறிட்டு, முதுகை வளைத்து, அம்மாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது. அவர் ஆட்டிப் பார்த்தார், நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். அழுகை கூடியது. லெத்தி வாங்கிக்கொண்டதும் நின்றது.

"இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தாம்ப்பா. புது முகம்னா பயம். மொதல் மூணு நாலு மாசம்தான் யாருகிட்ட வேணா போகும்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று தெரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நான் வராதீங்கன்னு சொல்லலப்பா."

"இல்ல. நான்தான் வரல."

"அன்னிக்குப் பயந்துட்டேன். தூக்கமே இல்ல, எதப் பாத்தாலும் பயம். நீங்க போன்ல பேசின மறுநாளே கூப்பிடலாம்னு போன எடுத்தேன். ஆனா நீங்க 'கை சரியானதும் வர்றேன்'னு சொன்னீங்க பாருங்க, அந்தக் குரல். அம்மா போனப்பவும் அதே குரல்லதான் 'நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்'னீங்க. அந்தக் குரலுக்கு மேல எனக்குப் பேச வர்றதில்லப்பா."

அவருக்குப் பதில் வந்தது, தொண்டைவரை. நீயும் கிளம்பிவிட்டாயே என்பது அது. ஆனால் கிளம்பச் சொன்னது யார்? "குளிர் அறையில வேல" என்று சம்பந்தமில்லாமல் ஆரம்பித்து, "தொண்டை கெட்டுப்போச்சு" என்று முடித்தார். லெத்தி அவர் முழங்காலில் கை வைத்தாள்.

பெரிய பெரிய சொட்டுகளாக மழை விழ ஆரம்பித்தது. "ஐயோ, துணி" என்று எழுந்தவள், குழந்தையைத் தரை விரிப்பில் இறக்கிவிட்டு, "ரெண்டே நிமிஷம், பாத்துக்குங்க" என்று பின்கட்டுக்கு ஓடினாள்.

அம்பாரோ அழுதது. கைகளை ஊன்றி, அம்மா போன திசையில் தவழத் தொடங்கியது. அவர் எழவில்லை, எழுந்தால் இன்னும் பயப்படும் என்று தோன்றியது. நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, கால் மூட்டு முனக, தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். குழந்தை பின்வாசல்வரை போயிற்று. அங்கே ஒரு படி. அதற்கு அப்பால் மழை முற்றம் முழுவதும் கொட்டிக்கொண்டிருந்தது. லெத்தி தோள் நிறையத் துணியோடு கொடிக்கும் கொடிக்கும் நடுவில் ஓடினாள். குழந்தை படியருகே நின்றது. மழையைப் பார்த்தது. அழுகையை நிறுத்தி, தலையை மட்டும் திருப்பி, அந்த மனிதர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பார்த்தது.