ஏழே காலுக்கு வரும் செய்தி

செத்தவர்கள் வேலைக்கு வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், ஆற்றங்கரைப் பாதுகாப்பு வாரியத்தின் அலுவலகத்துக்கு ஒரு நடை வந்து பார்க்கலாம். அங்கே ஒருவர் இறந்து இரண்டு வருஷமாகியும் ஒரு நாள்கூட லீவு போடாமல் தினமும் காலை ஏழே காலுக்கு ஆஜராகிக்கொண்டிருந்தார். மீட்டர் என்பது அவருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர். தண்ணீர் எத்தனை மீட்டர் என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர். கணினிப் பிரிவின் பொறுப்பாளருக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்.

ஒரு மதிய நேரத்தில் மேசையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். இறந்த ஊழியரின் கணினிக் கணக்கை மூன்று நாளைக்குள் மூடிவிட வேண்டும் என்பது விதி. மூட வேண்டிய ஆள் தங்கைதான். சாவு வீட்டு வேலையெல்லாம் முடிந்து நான்காம் நாள் காலையில் மூட உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போனில் செய்தி வந்தது. ‘நீர்மட்டம் 3.9 மீட்டர். கவலை வேண்டாம்.’ அடியில் அண்ணன் பெயர்.

அவளுக்குப் பேயறைந்தது போல ஆனது. பிறகுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் தன் கணக்குக்குள்ளேயே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். பாலத்தடியில் இருக்கும் அளவுக் கருவியை அது தினமும் கேட்கும், கேட்டதை அலுவலகத்துக்கும் கரையோரப் பள்ளத்தில் இருக்கும் நாற்பத்தொரு வீடுகளுக்கும் அனுப்பும். தெரிந்து என்ன செய்ய? மூடக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அண்ணிக்கும் அந்தச் செய்தி போகும். “அவர் பேரு காலையில போன்ல வந்துடுது, அது போதும்மா எனக்கு,” என்று அண்ணி ஒருநாள் சொன்ன பிறகு, நாளைக்கு என்ற பேச்சே நின்றுபோனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னறையில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த பழைய சர்வர்களுக்கு விடை கொடுப்பதென்று வாரியம் முடிவெடுத்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

“எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தணுமாம்மா. தனியார் கம்பெனியோடது ஒண்ணு, அரசாங்கத்தோடது ஒண்ணு. எனக்கு ரெண்டும் ஒரே மேகமாத்தான் தெரியுது. எதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே எழுதிக் குடு, நான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்.”

தனியார் கம்பெனி இருப்பதை இருந்தபடியே அள்ளிக்கொண்டு போகும். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அரசு கிளவுட் அப்படியல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் உரியவர் நேரில் வந்து, முகத்தைக் காட்டி, கைரேகை வைக்க வேண்டும். வராதவர் கணக்கு ஏறாது. அண்ணன் எந்த விரலைக் கொண்டு வந்து வைப்பார்?

அவள் தனியாருக்கே பரிந்துரை எழுதினாள். வேகம், செலவு, ஊழியர்களின் வசதி என்று மூன்று பக்கத்துக்குக் காரணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினாள். படித்துப் பார்த்தபோது அதில் ஒரு பொய்கூட இல்லாதது அவளையே அருவருக்க வைத்தது.

எந்தக் கிளவுடானாலும் எந்தக் கணக்கில் என்ன ஓடுகிறது என்று பட்டியல் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கடைசியாக அண்ணன் கணக்கைத் திறந்தாள். இரண்டு வருஷத்தில் அதற்குள் அவள் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புரோகிராமின் நடுவில் அண்ணன் தனக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

‘கருவி பதில் சொல்லாவிட்டால் முந்தின நாள் அளவையே அனுப்பு. நான் நேரில் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்.’

போனை எடுத்து அன்றைய செய்தியைப் பார்த்தாள். 4.2. நேற்றும் 4.2. அதற்கு முந்தின நாளும். ஒன்பது நாளாக 4.2. தினமும் திறந்து பார்த்திருக்கிறாள். பார்த்தது அண்ணன் பெயரை. எண்ணைப் படிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நான்கு நாளாக விடாத மழை.

டிரைவரைப் பாலத்துக்கு விரட்டினாள். கால் மணி நேரத்தில் அவர் போன் செய்தார். “மேடம், கருவிக் கம்பம் சாஞ்சு கெடக்கு. தூண்ல போட்ட கோட்டுல தண்ணி ஆறரை மீட்டரத் தாண்டிடுச்சு.” ஏழு மீட்டரைத் தொட்டால் பள்ளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகும்.

இயக்குநர் அறைக்கு ஓடி ஒரே மூச்சில் சொன்னாள். அவர் லாரிகளுக்குப் போன் போட, அவள் நாற்பத்தொரு வீடுகளின் பட்டியலை எடுத்தாள். முதல் வீட்டில் ரிட்டயரான வாத்தியார்.

“உடனே கிளம்புங்க சார், தண்ணி வருது.”

“காலையிலதானே கவலை வேண்டாம்னு உங்க ஆபீஸ்ல இருந்து வந்துச்சு? அவர் ஒருநாளும் தப்பா சொன்னதில்லைம்மா. அவரையே சொல்லச் சொல்லுங்க, கிளம்பறோம்.”

“அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு சார்.”

“அப்போ இத்தனை நாளா தினம் காலையில எங்ககிட்ட பேசினது யாரு?”

“யாரும் இல்ல சார். மூடாம விட்டது நான். திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க, இப்போ எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போங்க.”

மற்ற வீடுகளின் கதவை வாத்தியாரே போய்த் தட்டினார். மூன்று மணிக்குள் பள்ளம் காலியானது. நாலரைக்குத் தண்ணீர் படியேறி உள்ளே போனது. பாத்திரம் பண்டம் போயிற்று, மெத்தைகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

அவள் மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, அரசு கிளவுட் என்று நாலே வரியில் எழுதினாள். நேரில் வர முடியாதவர் பெயரில் இங்கே எதுவும் ஓடக் கூடாது என்பதுதான் காரணம். அண்ணன் கணக்கை மூடும்போது திரை காரணம் கேட்டது. மரணம் என்பதைத் தொட்டாள்.

வாரியத்திடம் சொல்லியாயிற்று, பள்ளத்து ஜனங்களிடம் சொல்லியாயிற்று. அண்ணியிடம் சொல்வதற்குத்தான் கால் வரவில்லை. நனைந்த துணியோடு போய், சமையலறை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஒன்பது நாளா ஒரே நம்பர்னு எனக்குத் தெரியும்மா.”

“என்ன சொல்றீங்க அண்ணி?”

“நான் தினம் நம்பரையும் படிப்பேன். அவர் சொல்ற நம்பராச்சே. இவ்வளவு மழையிலயும் ஏறலியேன்னு மழை பிடிச்ச மறுநாளே தோணிச்சு, மெஷின் கெட்டுப் போச்சுன்னு. உன்கிட்ட சொன்னா நீ உள்ள போய்ப் பார்ப்பே. பார்த்தா மூடிடுவே. அதான் வாயே திறக்கல.”

“நாப்பத்தொரு வீடு அண்ணி!”

“தெரியும். ராத்திரியெல்லாம் தூங்கல நான்.”

திட்ட வேண்டும் என்று வாயெடுத்தாள். ஆனால் எந்த வாயால் திட்டுவது? அண்ணி பக்கத்தில் வந்து, அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது.

“அப்போ நாளைக்குக் காலையில வராதில்ல?”

“வராது அண்ணி.”

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவளும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டார் என்னமோ ஏதோவென்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சாவு விழுந்திருந்தது.