இரண்டு விரல் தாழ்த்திய வண்டி

"சார் வயசுக்கு இந்தச் சின்ன வண்டி சுகமா இருக்கும்" என்று விற்பனைப் பெண் சொன்னதுதான் வினை. அதுவரை அவரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தார். வயசு என்ற சொல் காதில் விழுந்ததும் நேரே போய், கடையிலேயே பெரிய ஆயிரம் சிசி வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இருநூற்று நாற்பது கிலோ. குதிகால் இரண்டும் தரையில் படவில்லை. "இதுதான்" என்றார்.

முப்பத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஞாயிறுதோறும் நெடுந்தூரம் போகிற பன்னிரண்டு பேர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அந்தப் பதவி மனைவியிடம் இருந்தது. கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம், அவரே போட்டது: விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியாதவர் மறுவாரத்திலிருந்து வரக்கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒருவரான தபால்காரரின் வண்டி சரளைக்கல்லில் சாய்ந்தது. தபால்காரர் பள்ளிக்கூட நாளிலிருந்து இவருக்கு நண்பர். முக்கி முனகிப் பார்த்தும் வண்டி எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டிருந்தார்கள். "நீ பாக்கலேன்னு வெச்சுக்கோயேன்டா" என்று கெஞ்சினார். "பாத்துட்டேனே" என்றார் தலைவர். அதோடு சரி. தபால்காரர் வண்டியை விற்றுவிட்டார். அடுத்த தெருவில்தான் வீடு, ஆனால் முகத்தில் முழிப்பதில்லை.

சட்டம் என்றால் சட்டம் என்று அன்றைக்கு மார்தட்டியாயிற்று. போன வருஷம் வலது முழங்காலில் கத்தி வைத்த பிறகுதான் அந்தக் கெஞ்சல் திரும்பத் திரும்பக் காதில் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் இனி வண்டியே வேண்டாம் என்றார். கூட்டத்தாரிடம் இவர், வரும் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

"நுனிக்கால்ல நிக்கிற பேச்சே வேணாம். பாதம் முழுசா தரையில பதியணும்" என்று மட்டும், புது வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் சொன்னார். முழங்கால் கதையை மூடி மறைத்தார். மெக்கானிக் பின்பக்கத்து இணைப்புத் தகட்டை மாற்றி, முன் ஃபோர்க்கைக் கொஞ்சம் மேலேற்றி இறுக்கி, வண்டியை இரண்டு விரல் அகலம் தாழ்த்தினார். பிறகு அவரை உட்காரவைத்து, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று டேப்பால் அளந்தார்.

"மூச்சு விடுங்க தலைவரே. தொப்பைய உள்ள இழுத்தா எடை குறையாது."

ஸ்பிரிங்கை நான்கு சுற்று இறுக்கினார். கிளட்ச் லீவரை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஹேண்டில்பாரை ஒரு விரலளவு பின்னுக்குத் தள்ளினார். ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்தத் தலைவருக்கு வயசு இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பாதமும் தரையில். விழாத வண்டியை யார் தூக்கச் சொல்லப்போகிறார்கள்?

"சைடு ஸ்டாண்ட வெட்டிக் குட்டையாக்கணும்" என்றார் மெக்கானிக். "வண்டி எறங்கிடுச்சு, ஸ்டாண்டு பழைய நீளம்தான். போட்டீங்கன்னா நெட்டுக்குத்தா நின்னு அந்தப் பக்கம் சாஞ்சிடும். வெல்டர் நாளைக்குத்தான் வருவாரு. இங்கயே விட்டுட்டுப் போங்களேன்."

"எனக்கே பாடமா? ஸ்டாண்டே போட மாட்டேன். சுவத்துல சாத்தி வெச்சுக்கறேன்."

வண்டி வெண்ணெயாக ஓடியது. சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றி நின்றபோது தபால்காரர் நினைவு வந்தது. அவனுக்கும் இப்படி ஒன்று செய்து கொடுத்திருக்கலாமே, அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. இப்போதுகூடச் சொல்லலாம். திரும்ப வாடா என்று சொல்லிவிடலாம். வண்டியை நேரே அந்தத் தெருவுக்குத் திருப்பினார்.

வாசலில் இன்ஜினை அணைத்தார். அணைத்ததுமே இடது கால் தன் பாட்டுக்கு ஸ்டாண்டைத் தட்டி இறக்கியது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அது மூளையைக் கேட்டுக்கொண்டா செய்யும்? இறங்கி, என்ன பேசுவது என்று யோசித்தபடியே கேட்டில் கை வைத்தார். பின்னால் சத்தம் கேட்டது.

வண்டி வலது பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

தெருவில் யாரும் இல்லை. தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறைப்படி, முதுகைக் காட்டி சீட்டில் அண்டக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கம்பியில் பிடித்து, காலை ஊன்றி எழுந்தார். வண்டி ஒரு சாண் எழும்பியது. முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டாம் தடவை அந்த ஒரு சாணும் இல்லை. மூன்றாம் தடவை அப்படியே வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

கேட் திறந்தது. தபால்காரர் வெளியே வந்தார். பின்கம்பியைப் பிடித்தார், இவர் ஹேண்டிலைப் பிடித்தார். இரண்டு கிழவர்களும் சேர்ந்து மூச்சிரைக்க வண்டியை நிமிர்த்தி, சுவரில் சாத்தினார்கள்.

தபால்காரர் தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நீ போடா. நான் எதையும் பாக்கல."

தலைவர் சாவியை உருவினார்.

"நான் பாத்துட்டேனே" என்றார்.