ஒன்பதாவது வரி

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இதற்கும் அலங்காரம் செய்துவிடுவேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'அயர்லாந்தில் பிறந்த அன்னி மாண்டர், கிரீனிச் வானாய்வகத்தில் சூரியப் புள்ளிகளை அளந்தார். கல்யாணம் ஆனதும் அன்றைய விதிப்படி வேலையை விட்டார். 1898இல் இந்தியாவுக்கு வந்து கிரகணச் சூரியனைப் படம் பிடித்த அவர்...'

நிறுத்திவிட்டேன். (படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. மூன்று மாதம் முன்பு இந்தப் பெயரே எனக்குத் தெரியாது.)

2

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டு ஆர்டர்களை முடித்து அனுப்புவது என் பொறுப்பு. லண்டன் ஆர்டர் ஒன்று வந்தது. டி-சர்ட்டின் முதுகில் பிரிட்டன், அயர்லாந்து வானியலாளர்கள் ஒன்பது பேரின் பெயர்கள், வரிக்கு ஒன்று. குழந்தைகள் சைஸில் ஒன்பது வரி அடங்கவில்லை. கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னது...

(மூன்று வரைவுகளில் இங்கே 'பிரிண்டிங்காரர்' என்று எழுதியிருந்தேன்.)

நான்தான்.

செக்கிங் செய்யும் நாகஜோதிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வரிகளை எண்ணியிருக்கிறாள்.

"சார், சாம்பிள்ல ஒம்பது வரி இருக்கு. இதுல எட்டுத்தான் வருது சார்."

"சின்னப் பசங்க போடறதும்மா. ஆரு எண்ணப் போறாங்க? பாஸ் பண்ணி உடு."

3

லண்டனில் எண்ணினார்கள். சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். முதலாளி மகுடேஸ்வரன் எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"ஏனுங்க கதிர்வேலு, இத ஆருங்க பாத்தது?"

"செக்கிங்ல உட்டுப்போட்டாங்க சார்."

நாகஜோதி என் பக்கம் திரும்பினாள். "சார், நான் சொன்னேன்ல?"

"எப்ப?" என்றேன்.

அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமே இல்லாமல் டிபன் பாக்ஸைத் திறந்து முழுசாகச் சாப்பிட்டேன் என்பது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான் வெட்டிய பெயர் யாருடையது என்று ஒரு வாரம் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். அன்னி மாண்டர். அவரைப் பற்றி உருக்கமாக எழுதினால், நாகஜோதியைத் தொடாமலே நல்லவனாகிவிடலாம் என்று நினைத்தேன்.

4

இன்று காலை நாகஜோதி கூப்பிட்டாள்.

"சார், அருள்புரத்துல ஒரு கம்பெனில எடுத்துக்கிறோம்னு சொல்றாக. பழைய எடத்துல ஏன் நிப்பாட்டுனாகன்னு ஒங்களுக்குப் போன் போட்டுக் கேப்பாகளாம். என்ன சார் சொல்லுவீங்க?"

"கொஞ்ச நேரத்துல கூப்படறேன்" என்று வைத்துவிட்டு, இந்தக் கதையை எழுதப் பேப்பரை எடுத்தேன்.

கதைக்கு ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன். அது மகுடேஸ்வரன் காதுக்குப் போய் என் வேலை போகிறது. (இரண்டே வரியில் தியாகி. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: போனை எடுக்காமலே இருந்துவிடுகிறேன். (இது சிரமமில்லாமல் வந்தது.)

மூன்றாவது: அவளாகவே என்னை மன்னித்து...

போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.

இடமில்லை என்று கடைசி வரியை வெட்டியவன் நான். இந்தத் தடவை கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று நீங்களே எழுதுங்கள். விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாகஜோதி எண்ணிப் பார்ப்பாள்.