சமையலறைக்கு அடியில் ஒரு தலை

1

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. நாளைக்கு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடற்காற்று வாங்கினால் ரத்த அழுத்தம் குறையும் என்றார் மருத்துவர். போன இடத்தில் விடாத மழை. கடலைப் பார்க்க வழியில்லாமல் விடுதி அறையில் என் மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். ஒருநாள் மாலை குடையை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே வந்து, ஒரு கடையில் ஒதுங்கினேன். கடை என்றால் ஒரு வீட்டின் முன்னறை. நீள மேசை, மேசை நிறையத் தட்டுகள், தட்டு நிறையக் கற்கள். ஜுராசிக் காலத்துப் புதைபடிவங்கள் என்று பலகை சொன்னது.

கடைக்காரப் பெண் சுருண்ட சங்கு ஒன்றை எடுத்துக் காட்டி அம்மோனைட் என்றார். "டைனோசரா?" என்று கேட்டேன். நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்ட பிறகு கேட்டேன் என்பதுதான் அவமானம். தினமும் அதே கேள்வியைக் கேட்டுச் சலித்த முகத்தோடு, டைனோசர் தரையில் இருந்தது, இது கடலில் இருந்தது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, ஊர் ரொம்பத் தூரமா என்று விசாரித்தார். தூரம்தான் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றும்போது, களிமண் அப்பிய கைநீளக் கல் ஒன்றையும் சேர்த்து வைத்தார்.

"இது சும்மாதான் சார். மேசையில பேப்பர் பறக்காம வச்சுக்கங்க."

உலகத்தில் எதுவும் சும்மா கிடைக்காது என்று நாலு கட்டுரை எழுதியவன் நான். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன்.

[வாயெல்லாம் பல் என்பதைத் தெரிந்து எழுதவில்லை. பிறகுதான் உறைத்தது. அழிக்க மனம் வரவில்லை.]

2

கதையை எப்படித் தொடங்குவது என்று படாத பாடு பட்டேன்.

முதல் தொடக்கம்: "ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வெதுவெதுப்பான ஒரு கடல் இருந்தது. அதில்"

நிறுத்திவிட்டேன். இருபது கோடி என்றதும் வாசகர் கைபேசியை எடுத்துவிடுவார். எனக்கு வாசகர்களைத் தெரியும். இரண்டு பேரையுமே தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "காலம் என்பது ஒரு பாறை. நாம் அதன் இடுக்கில்"

வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக விட்டும் வைத்திருக்கிறேன். இதற்குப் பெயர் இலக்கிய நேர்மை.

மூன்றாம் தொடக்கம்: "மண் சரிந்தால் அவள் கணவருக்குச் சந்தோஷம்."

இது தேவலாம். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கடையில் 'அவர்' என்று சொன்ன பெண்ணைக் கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன். கணவர் மட்டும் உள்ளேயும் கணவராகவே இருக்கிறார். ஏன் என்று கேட்காதீர்கள், எழுதும் கைக்கு ஏறிப்போன பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

மண் சரிந்தால் அவள் கணவருக்குச் சந்தோஷம்.

வீடு, கடலோரப் பாறைச் சரிவின் விளிம்பில் நிற்கிறது. அவள் அப்பா கட்டியது, பத்திரம் அவள் பெயரில். கட்டிய காலத்தில் சமையலறைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தோட்டமே இருந்ததாம். பாறை என்றதும் கருங்கல் என்று நினைத்துவிட வேண்டாம். சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, களிப்பாறை ஓர் அடுக்கு, மறுபடி சுண்ணாம்பு, மறுபடி களி. பெட்டியில் மடித்து அடுக்கிய போர்வைகள் போல இருக்கும். மழைநீர் களியில் இறங்கும், களி வழுக்கும், மேலே இருப்பது கீழே வரும். அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில் வேலி போனது. அடுத்ததில் எலுமிச்சை போனது. துணிக்கொடி கட்டிய கம்பம் போனபோது கொடியில் அவளுடைய நல்ல புடவையும் இருந்தது.

புடவை போச்சே என்று அவள் ஜன்னலில் நின்று சொல்லி முடிப்பதற்குள் கணவர் வாளியோடு கீழே கரையில் இருப்பார். மண் சரிந்தால்தான் புதுப் படிவங்கள் வெளியே வரும், அலை வாரிக்கொண்டு போவதற்குள் பொறுக்க வேண்டும். நிற்கிற பாறையில் சுத்தியல் வைக்கக் கூடாது, விழுந்ததை மட்டும் எடுக்கலாம் என்பது அந்தக் கரையின் தொழில் தர்மம். ஆக, அந்தக் குடும்பம் தன் தோட்டத்தைத் தானே தின்று பிழைத்து வந்தது. ஊரார் அவருக்கு எலும்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அவள் காலையில் பல் மருத்துவமனையில் உதவியாளர், மாலையில் கடை. மருத்துவர் கழித்துப்போட்ட ட்ரில் முனைகள் அவளுடைய கைப்பையில் வீட்டுக்கு வரும். அவற்றை வைத்துத்தான் எலும்பர் படிவங்களைச் சுத்தம் செய்வார். நேற்று ஒருவர் கடைவாயைக் குடைந்தது இன்றைக்கு அம்மோனைட்டைக் குடையும்.

[கிருமி நீக்கியவை. இதை எழுதச் சொன்னது அந்தக் கடைக்காரப் பெண்தான்.]

இந்த மழைக்காலத்தின் முதல் சரிவில், சமையலறைக்கு நேர் கீழே, களியடுக்கில் ஒரு முதுகெலும்பின் முனை வெளியே தெரிந்தது. இக்தியோசர். மீன் மாதிரி உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள கடல் ஊர்வன. எலும்பர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பு வட்டுகள் சிறியவை, உள்ளே போகப் போகப் பெரியவை. ஆகவே வெளியே இருப்பது வால், உள்ளே இருப்பது தலை என்று முடிவு கட்டினார். உடலின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சரியாக அடுப்புக்கு அடியில் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சில்லறைச் சங்கு பொறுக்கிய மனிதருக்கு ஒரு முழு மண்டையோடு கிடைக்கப் போகிறது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலை இருக்கலாம் என்றார்கள், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். முதல் பாதி எலும்பருக்குப் போதுமாக இருந்தது. வால்கள் தங்களிடம் அலமாரி நிறைய இருக்கின்றன, தலைக்கு வாய்ப்பு உண்டு என்பதால்தான் தோண்ட வருகிறோம் என்றும் சொன்னார்கள். ஆனால் மேலிருந்துதான் தோண்ட முடியும், சமையலறையை இடிக்க வேண்டும், வீட்டின் உரிமையாளர் சம்மதித்தால் மழை விட்டதும் தொடங்கலாம்.

உரிமையாளர் என்றால் அவள். அன்று எலும்பர் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பாத்திரம் தேய்த்தார்.

4

நான்காம் பகுதி இல்லை. அச்சுப்பிழை அல்ல. அந்தச் சமையலறையில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதை எழுதியிருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. தொலைபேசியில் கடைக்காரப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டியபோது, "அது எங்க வீட்டு விஷயம் சார், எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். (தொலைபேசி எங்கிருந்து வந்தது என்பது அடுத்த பகுதியில்.)

பாறையிலும் இப்படி உண்டாம். ஓர் அடுக்குக்கும் அதன் மேலடுக்குக்கும் நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கும். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. நடந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கடைசியில் அவள் சம்மதித்தாள்.

5

இனி என் வீடு, என் மேசை. இலவசக் கல்லின் மேல் காப்பியைக் கொட்டிவிட்டேன். எறும்பு வருமே என்று குழாயடியில் கழுவினேன். களி கரைந்து ஓடியது. உள்ளிருந்து வரிசையாகப் பற்கள் வெளியே வந்தன. கூம்பு கூம்பாக, பளபளவென்று, நேற்றுத்தான் துலக்கியது போல.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சும்மா குடுத்தாங்கன்னு எதையும் வாங்கிட்டு வந்துடறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் எல்லாக் கதைகளுக்கும் அவள் எழுதும் விமர்சனம் ஏறத்தாழ இதே நீளம்தான்.

சங்கின் ரசீதில் கடை எண் இருந்தது. கூப்பிட்டேன். யார் பேசுகிறேன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"கழுவிட்டீங்களா?"

சம்மதம் சொன்ன பிறகு, சரிந்த மண்ணில் இந்தக் கல் அவர் கண்ணில் பட்டதாம், சமையலறைக்கு நேர் கீழே. தினமும் வாய்க்குள் பார்க்கிறவர். மனிதருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் தனிக்குழி, இக்தியோசருக்கு ஒரே நீளப் பள்ளத்தில் எல்லாப் பல்லும் வரிசையாக நிற்கும். பார்த்ததும் புரிந்துவிட்டது, பல் தெரியாதபடி மேலே களியை அப்பிவிட்டார். அது அந்த விலங்கின் மூக்கு நுனி, அதாவது தாடையின் முன்பகுதி. கடலைப் பார்த்து இருந்தது தலை, அது எப்போதோ விழுந்து அலையோடு போய்விட்டது. அடுப்புக்கு அடியில் இருப்பது வால்.

எலும்புகள் உள்ளே போகப் போகப் பெரிதாகின்றனவே என்று கேட்டேன்.

"கழுத்துப் பக்கமும் சின்னதாத்தான் இருக்கும் சார். நடு உடம்புலதான் பெருசு. எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் உள்ள போகப் போகப் பெருசாத்தான் தெரியும்."

இது உங்கள் கணவருக்குத் தெரியாதா?

"எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்."

அப்படியானால் சொல்லிவிட வேண்டியதுதானே, சமையலறையாவது மிஞ்சுமே என்றேன். எழுத்தாளர்கள் பிறத்தியார் வீட்டு விஷயத்தில் மிகவும் தெளிவானவர்கள்.

"சொன்னா மியூசியத்துலேருந்து வரமாட்டாங்க சார். தோண்டிப் பார்த்து இல்லேன்னா அவர் தாங்கிப்பார். தோண்டவே இல்லேன்னா தாங்கமாட்டார். அடுப்பை முன்னறையில வச்சுக்கறேன், என்ன இப்ப."

கல்லைக் கடலில் வீசியிருக்கலாமே?

"அலை திருப்பிக் கொண்டாந்து அவர் காலடியிலயே போடும். அதான் தூரத்து ஊர்க்காரரா பார்த்துக் கொடுத்தேன்."

கடைசியில், விழுந்த கல்லுக்கு முகவரி கிடையாது, அது வேறொரு விலங்கின் தாடையாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அதை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

இவ்வளவு தூரம் கிண்டலாகவே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இடத்தில் கிண்டல் வரவில்லை. என்னை இப்படி ஏமாற்ற ஒருவர் இருப்பாரா என்று ஏக்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், அவர் கதையெல்லாம் படிக்க மாட்டார் என்றார். என் கதையை ஒருவர் படிக்க மாட்டார் என்பது முதல் தடவையாக உபகாரமாக அமைந்தது.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) தோண்டுகிறார்கள். அடுப்புக்கு அடியில் முழுத் தலை சிரித்துக்கொண்டு கிடக்கிறது. என் மேசைத் தாடை வேறு எதனுடையதோ. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். திரைப்படமாக எடுக்க யாராவது முன்வந்தால் இதுதான் முடிவு.

(ஆ) தோண்டுவதற்கு முந்தின நாள் பெருமழை. சமையலறை, வால், நம்பிக்கை எல்லாம் ஒருசேரக் கடலுக்குள். விமர்சகர்கள் 'இயற்கையின் மௌனம்' என்று எழுதுவார்கள். இதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "அப்ப நாங்க எங்க சார் இருப்போம்?" என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை.

(இ) எலும்பர் அந்தத் தாடையை அவளுக்கு முன்பே பார்த்துவிட்டார். பார்த்தும் அங்கேயே விட்டு வைத்தார். அவள் கண்ணில் படட்டும், சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று

[எழுதும்போதே பயமாகிவிட்டது. இது உண்மையாகவும் இருக்கலாம். நிறுத்திக்கொண்டேன்.]

7

எந்த முடிவு வேண்டும் என்று அவரையே கேட்டுவிடலாம் என இன்று காலை மறுபடி கூப்பிட்டேன். நான் பேசியதும் அவருடைய குரல் மாறியது.

"வித்த கல்லைத் திருப்பி எடுக்கறதில்ல சார்."

பின்னால் ஓர் ஆண்குரல் யார் என்று கேட்டது. போன மாதம் சங்கு வாங்கிப்போனவர், ஏதோ குறை சொல்கிறார் என்று இவர் சமாளித்தார். சமாளித்திருக்கக் கூடாது. வாங்கியவர் குறை சொல்கிறார் என்றதும் அந்த ஆண்குரல் தொலைபேசிக்கே வந்துவிட்டது.

எலும்பர். நான் கதைக்குள் வைத்திருக்கும் எலும்பரைவிட மென்மையான குரல். உடைந்திருந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். நான் கேட்காமலே தலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அடுப்பு முன்னறைக்கு வந்துவிட்டதாம். சமையலறை ஜன்னல் சட்டங்களைக் கழற்றிவிட்டார்களாம். மழை விடுவதற்குத்தான் காத்திருக்கிறார்களாம். தலை வெளியே வரும்போது நீங்களும் வந்து பாருங்கள் என்று அழைப்பு வேறு. பிறகு, அவர் மனைவி அறையை விட்டுப் போயிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ அப்பா கட்டின இடம் சார். எனக்காகக் கொடுத்திருக்கா. உள்ள ஒண்ணும் இல்லேன்னா அவ முகத்துல எப்படி முழிப்பேன்னு நினைச்சாத் தூக்கம் வரல."

தாங்கிக்கொள்வார் என்று சொன்னாரே அந்த அம்மா. இவரோ தாங்கமாட்டேன் என்கிறார், அதுவும் முன்பின் தெரியாத என்னிடம். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் தூரத்து ஊர்க்காரனாகப் பார்த்துத்தான் உண்மையைக் கொடுக்கிறார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வியாபாரத்துக்குத் திரும்பினார்.

"அது கிடக்கட்டும் சார். உங்களுக்கு அவ என்ன கல்லு கொடுத்தா, சொல்லுங்க."

தாடை என் இடது கையில் இருக்கிறது. கழுவி வைத்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் சமையலறை பிழைக்கும், தலை சாகும், அவளுடைய பொய் நடுக்கூடத்துக்கு வரும். சொல்லாவிட்டால் மழை விட்டதும் சுவர் விழும். "அது வந்து" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, ரத்த அழுத்தம் வேறு. இலவசமாக வாங்கியதை இலவசமாகவே உங்களிடம் தள்ளிவிடுகிறேன். இந்தாருங்கள், இந்தக் கையில் கல், அந்தக் கையில் தொலைபேசி. காதில் வையுங்கள், காத்துக்கொண்டிருக்கிறார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"