நாலாவது தட்டு

அண்ணியின் வலது கையில் இல்லாத நடுவிரல் முதன்முதலாகச் சொடக்குப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. விரல் போய் அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அண்ணி சுவரோரம் உட்கார்ந்து தகர மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சொடக்குச் சத்தத்தைக் கொட்டகையில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் கேட்டார்கள். அவளுடைய நாத்தனார் ஓட்டிக்கொண்டிருந்த நாலாம் நம்பர் அச்சும் கேட்டிருக்க வேண்டும். இறங்க வந்த அந்த இரும்புத் தலை பாதியில் அப்படியே நின்று, ஒரு மூச்சு பொறுத்து, பிறகு இறங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் லாரி வந்துவிடும் என்பதால் பார்வையை அதோடு நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

அது பவுடர் டப்பா, பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டப்பா என்று சகலத்துக்கும் மூடி அடிக்கிற பட்டறை. பன்னிரண்டு அச்சு எந்திரங்கள். ஒவ்வொன்றின் கணக்கும் நாலு தட்டு. முதல் தட்டுக்கு அச்சு இறங்கும், தொம். இரண்டாவதற்கு அடித்த மூடியைத் தள்ளிவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். மூன்றாவதற்கு மிதியை மிதிக்க வேண்டும். நாலாவது தட்டில் ஒன்றும் கிடையாது. அது கையை வெளியே எடுக்கிற நேரம். வேலைக்குப் புதிதாக வருகிறவளுக்கு எந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் பேசத்தான் கற்றுக்கொடுப்பார்கள். மூன்று தட்டுக்குப் பேசு, நாலாவதற்கு வாயை மூடு, வாய் மூடினால் கை தானாக வெளியே வந்துவிடும். பேச்சு எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். மாமியாரைத் திட்டலாம், பார்த்த படத்தின் கதையைச் சொல்லலாம். எவளாவது சும்மா நின்றால் பக்கத்து எந்திரக்காரி, "வாயத் தொறடி, வெரலு போயிடும்" என்று அதட்டுவாள். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போனது. அந்தப் பட்டறைப் பெண்கள் மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். முடித்துவிட்டாளாக்கும் என்று நினைத்து நடுவில் பதில் சொன்ன புருஷன்மார்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

அண்ணியின் விரல் போனது இந்த நாலாவது தட்டில்தான். உற்பத்தி போதவில்லை என்று முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளை வரவழைத்து மோட்டார் சக்கரத்தை மாற்றினார். நாலாவது தட்டு பாதியாகச் சுருங்கியது. அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அண்ணி பதினாறு வருஷப் பழக்கத்தில் முழுத் தட்டுக்கு வாயை மூடினாள். அச்சு அரைத் தட்டிலேயே இறங்கிவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் ஒரு பிஸ்கட் டப்பா மூடியோடு போயின. சூப்பர்வைசர் வலது கையால் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். இடது கை வழக்கம்போல் பேன்ட் பைக்குள் இருந்தது. அவர் அந்தக் கையை வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை. பெரிய மனுஷத் தோரணை என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

நாத்தனாருக்கு அந்த ஒற்றை வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அண்ணி. தினமும் ஒரு வாளித் தண்ணீருக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள், தினமும் அண்ணிதான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அண்ணிக்குப் பின்ன வரவில்லை. அதன் பிறகு நாத்தனார் எந்திரத்துக்கு முன்னால் ஊர்வம்பையும் சினிமாவையும் பேசுவதை விட்டுவிட்டாள்.

"பத்தோட வந்தவ எட்டோட போறா, மிச்சம் ரெண்டு எங்கன்னு மிஷினக் கேளு" என்று ஆரம்பித்தாள். மூன்று தட்டுக்குச் சொல், நாலாவதற்கு மௌனம். அந்த மௌனத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சொடக்கு விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் விழுந்தது. சொடக்கு விழுகிற தட்டில் அச்சு முழுதாக நின்றுதான் இறங்கியது, சக்கரம் என்ன அளவாக இருந்தாலும் சரி. அண்ணியைக் கேட்டால், "நான் எங்க போடுறேன், அதுவா போடுது" என்பாள்.

அதுவரை அந்த ஊரில் ஹிப் ஹாப் என்று ஒன்று இல்லை. இருந்ததெல்லாம் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலைநகரத்து உச்சரிப்பில், ஏறியே பார்த்திராத கார்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்த நாலைந்து இளவட்டங்கள். யாரோ ஒருத்தி போனில் பதிவு செய்த நாத்தனாரின் குரல் சலூனுக்குப் போனது, சலூனிலிருந்து பஸ்ஸுக்குப் போனது. இளவட்டங்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. இப்படியும் பேசலாமா, நம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாமா என்று அவர்களுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்திருக்கிறது. இரண்டே வருஷத்தில் மர அறுவை மில்லுக்கு ஒரு குழு, காகிதம் வெட்டுகிற அச்சகத்துக்கு ஒரு குழு, பாட்டில் கழுவுகிற கம்பெனிக்கு ஒரு குழு என்று ஊர் முழுக்க முளைத்துவிட்டது. அவரவர் எந்திரத்தின் ஓட்டம்தான் அவரவர் பீட். ஞாயிறு மதியங்களில் கைவிடப்பட்ட லாரி எடை மேடையில் கூடினார்கள். நடுவர் என்று யாரும் தேவைப்படவில்லை. மேடையில் நின்று சொந்த வரியைச் சொன்னால் எடைமுள் ஏறும், இரவல் வரியைச் சொன்னால் அசையாது. நாத்தனார் ஏறி நின்று, "ஊரு டப்பாவுக்கெல்லாம் மூடி அடிச்சோம், எங்க வாய்க்கு மூடி நாங்க போட மாட்டோம்" என்றபோது முள் ஏழு டன் காட்டியது. அவளே சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஐம்பது கிலோ தேற மாட்டாள்.

அவளுடைய பெயர் மறந்து 'நாலாம் நம்பர்' என்றே ஆயிற்று. பெரிய நகரத்து மேடைக்கு முதன்முறை கூப்பிட்டபோது பட்டறைப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். அங்கே ஒரு தவறு நடந்தது. ஸ்பீக்கரில் மூன்றாவது தட்டு விழுந்ததும் வேனில் வந்திருந்த இருபது பெண்களும் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். பழக்கதோஷம். பார்த்த நகரத்துப் பிள்ளைகள் இது ஏதோ புது நடனம் என்று நினைத்துத் தாங்களும் இழுத்தார்கள். அடுத்த மாதம் ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் கையை இழுத்தார்கள். பெண்கள் அதைத் திருத்தப் போகவில்லை. பிள்ளைகளின் விரலுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் இசைக் கம்பெனிக்காரர் வந்தார். ஸ்டுடியோவில் நாலாவது தட்டில் கேட்ட சொடக்கைக் கரகரப்பு என்று மூன்று முறை அழித்தார்கள். மூன்று முறையும் மறுநாள் அது இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பெனிக்காரர் பொறுமையான ஆள். அந்த இடத்தில் ஒரு டிரம்மை வைத்து நிரப்பிவிடலாம், பேச்சையும் கொஞ்சம் திருத்தமாக்கினால் நாடு முழுக்க ஓடும் என்றார். யோசிக்க அவள் நேரம் கேட்டாள். அதே வாரம் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதின்மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியை அவள் அன்றுதான் தொட்டாள். நாலாவது தட்டே இல்லாத புது மோட்டார் வரப்போகிறது, கம்பெனிக்காரரோடு பேசியாயிற்று, மோட்டார் திறப்புவிழாவுக்கு அந்த நிரப்பிய பாட்டைப் போடலாம் என்றார். தன் சாமர்த்தியத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"நீ பாட்டுல அத நிரப்பிட்டா இவளுங்க வாயும் நிரப்பிடும். அப்புறம் கையும் பழகிடும், இல்லையா?"

யோசனை அவளுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"என் பேர மாத்திக்குங்க, மொகத்த மாத்திக்குங்க சார். நாலாவது தட்டத் தொடாதீங்க. அது எங்க அண்ணியோடது."

மறுநாள் கொட்டகையில் 'வேலை நேரத்தில் பேசக்கூடாது' என்று பலகை தொங்கியது. கம்பெனிக்காரர் நகரத்துக்குத் திரும்பினார். மோட்டார் வந்து இறங்கியது. பேசாமல் அந்த வேகத்தில் கை வைத்தால் ஒரு மாதத்துக்குள் எத்தனை விரல் போகும் என்று பெண்கள் அவரவர் மனசுக்குள் போட்ட கணக்கு ஒன்றுபோலவே வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று நாலாம் நம்பரின் அண்ணனே சொன்னான். அவள், "நான் போனா அந்த எடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி பொத்தானை அழுத்தினார். தொம், டக், டக், தொம், டக், டக். எந்திரங்கள் மிதிக்குக்கூடக் காத்திராமல், மூச்சு வாங்காமல் அடித்தன. பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு அச்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாம் நம்பர் மட்டும் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தகடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். பத்தோடு வந்தவள் எட்டோடு போன வரியை அதே பழைய நடையில் சொன்னாள். இரண்டாவது தட்டுக்கு வலது கையை அச்சுக்கடியில் நீட்டித் தகட்டை வைத்தாள். மூன்றாவதற்கு மிதித்தாள். வாயை மூடினாள். கையை மட்டும் எடுக்கவில்லை. அண்ணி அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

சொடக்கு விழுந்தது. அது அண்ணியுடையது மட்டும் இல்லை. சிமெண்டுத் தரைக்கு அடியிலிருந்து விழுந்தது, கொட்டகைக்குப் பின்னால் கிடந்த கழிவுத் தகட்டுக் குவியலிலிருந்து விழுந்தது, சாக்கடையிலிருந்து விழுந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பட்டறை எடுத்துக்கொண்ட அத்தனை விரல்களும் ஒரே தட்டில் சொடக்குப் போட்டன. பன்னிரண்டு அச்சுகளும் தலைக்கு மேல் நின்றுவிட்டன. புது மோட்டார் முக்கி முனகிப் பார்த்தது, பட்டை புகைந்தது, ஒரு அச்சும் இறங்கவில்லை. எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு இன்னும் ஒன்று தாமதமாக விழுந்தது. அது சூப்பர்வைசரின் பேன்ட் பைக்குள்ளிருந்து வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக இடது கையை வெளியே எடுத்தார். அதில் மூன்று விரல்தான் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் ஏழாம் நம்பரில் நின்றவர். அவருடைய பதிவிலும் அதே வார்த்தைதான் இருந்தது, அவர் கையாலேயே எழுத வைத்திருந்தார்கள்.

அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

"பழைய மோட்டார மாட்டுங்க. பழைய சக்கரத்தோட மாட்டுங்க."

நாலாம் நம்பர் அதற்குப் பிறகுதான் கையை வெளியே எடுத்தாள். அண்ணி வந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முதலாளி மூன்று எஞ்சினியர்களை வரவழைத்துப் பார்த்தார். முழு நாலாவது தட்டு விடாமல் அச்சுகள் இறங்க மறுத்தன. லாரி காத்துக்கொண்டிருந்ததால் அவரும் வழிக்கு வந்தார். பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதிய பக்கங்களில் மை தங்காமல் போயிற்று. பாட்டு எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் கடல் தாண்டிப் போனது. அந்த ஊரிலிருந்து வருகிற எந்தப் பாட்டாக இருந்தாலும் நாலாவது தட்டு காலியாகத்தான் இருக்கும். பாஷை புரியாத தேசத்துப் பிள்ளைகளும் அந்த இடத்தில் கையை நெஞ்சோடு இழுத்துக்கொள்கிறார்கள். ஊர்க் கடிகாரங்களும் அந்தத் தட்டுக்கு நின்று நின்று, நாளுக்கு ஆறு நிமிஷம் பின்தங்குகின்றன. ரயில் நிலையத்தில் அதற்கென்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அண்ணி மூன்று விரலால் பின்னக் கற்றுக்கொண்டாள். பின்னல் கொஞ்சம் கோணலாக வரும், நாலாம் நம்பர் அதோடுதான் மேடை ஏறுகிறாள்.

போன வாரம் ஒரு பெண் ஐந்தாம் நம்பரில் புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாள், முதல் தகடு. மிதியை மிதித்ததும் பின்னாலிருந்து சொடக்குச் சத்தம் கேட்டு, கையை அச்சுக்கடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அச்சு மேலேயே நின்று பொறுத்தது.

"அது அண்ணியோட வெரலு" என்றாள் பக்கத்து எந்திரக்காரி, தன் தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ கைய எடு."

அவள் கையை எடுத்தாள். அச்சு இறங்கியது.