ரெட் சிக்னல்ஸ் ரெக்கார்டு, இரண்டாம் பக்கம்

ரெக்கார்டைப் பிடித்தால் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், கறுப்பில் விரல் படவே கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு ரெக்கார்டு தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் காப்பி கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். 'புனிதாக்கா வீட்டுக்குப் போனா கையக் கழுவிட்டுப் போ' என்று செந்தூல் பக்கம் பேச்சே இருக்கிறதாம். இருக்கட்டும். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பிளேயரை லேப்டாப்பில் மாட்டி, பழைய பாட்டுகளை அதற்குள் ஏற்றி, யூடியூப்பில் போடுகிறேன். எனக்குப் பொழுதும் போகிறது, நாலு பேர் கேட்கவும் கேட்கிறார்கள்.

ஜாபர் அலி பாய் கிள்ளானில் இருந்து வந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். போர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரெக்கார்டைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை போட்டு, கொமுட்டர் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"சிஸ்டர், இது நாங்க வாசிச்சது. ரெட் சிக்னல்ஸ். கேள்விப்பட்டிருப்பீங்களே?"

கேள்விப்படாமல் என்ன? செந்தூல் ரயில்வே பட்டறைப் பையன்களும் கிள்ளான் பையன்களும் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்ட். முடி தோள் வரைக்கும் தொங்கும். அவர்கள் போஸ்டர் ஒட்டிய சுவரைப் பார்த்தாலே எங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். எழுபதுகளில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அவர்கள் வாசித்ததை யாரோ ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் டேப்பில் பிடித்து, கொஞ்சமே கொஞ்சம் ரெக்கார்டு அடித்து விற்றிருக்கிறான். திருட்டு ரெக்கார்டுதான். உறையில் படம் கிடையாது. நடுவில் ஒட்டின வெள்ளைக் காகிதத்தில் பேனாவால் எழுதின பெயர் மட்டும். இன்றைக்கு ஜப்பானில் இருந்துகூட ஆட்கள் அதைக் கேட்டு எழுதுகிறார்கள். பாயிடம் இருப்பதைத் தவிர இன்னொன்று இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாய் டிரம்ஸ். கிதார் லோகன். கச்சேரி முடிந்த கையோடு லோகன் கிதாரை விற்றுவிட்டு சரவாக்குக்கு வேலைக்குப் போனவர். இந்த ரெக்கார்டை அவர் கேட்டதே இல்லை. இப்போது பக்கவாதம் வந்து, பந்திங்கில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"ரெண்டாம் பக்கத்துல அவன் தனியா வாசிச்ச சோலோ இருக்கு சிஸ்டர்," என்றார் பாய். "அத அவன் கேக்கணும். அதுக்குத்தான் இத்தன வருஷம் வெச்சிருக்கேன். நெட்ல போடுங்க, ஊரும் கேக்கட்டும். ஆனா அவன் கேக்கணும் லா."

முதல் பக்கத்தை அன்றைக்கே ஏற்றினேன். ஒரு கீறல் இல்லை. நேற்று வாங்கின மாதிரி இருந்தது. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று பிளேயரிலேயே விட்டேன்.

மறுநாள் பூஜை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். தையல் மெஷின், அரிவாள்மனை, ரைஸ் குக்கர், வாசலில் நிற்கிற காடி, லேப்டாப் என்று வரிசையாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். சுபாங் ஜெயாவில் இருக்கிற என் மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். போன் தோளில், கிண்ணம் கையில். பிளேயருக்கு வைத்தேன். அதன் மேல் ரெக்கார்டு. இதுவும் வாசிக்கிற பொருள்தானே, இதை மட்டும் விடுவதா என்று தோன்றியது. நடுவில் வைக்கப் போனேன். அங்கே பேனா எழுத்து. ஈரச் சந்தனம் பட்டால் மை கலைந்துவிடுமே என்று பக்குவமாக விரலை நகர்த்தி, கறுப்பில் வைத்தேன்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான்தான் வைத்தேன்.

அடுத்த நாள்தான் பார்த்தேன். சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், மேலே இருந்தது போயிற்று, பள்ளத்தில் இறங்கினது போகவில்லை. பதற்றத்தில் நகத்தால் சுரண்டினேன். அது இன்னும் கேடு. ஓடவிட்டுக் கேட்டால், சரியாக லோகன் சோலோ ஆரம்பிக்கிற இடத்தில் 'டொக்'. ரெக்கார்டு ஒரு சுற்று வந்தால் ஒரு 'டொக்'. சோலோ முடிகிற வரைக்கும் அப்படியே. கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை எடுத்துப் பார்த்தேன். கிதாரும் சேர்ந்து போகிறது. வேறு வழியில்லாமல் டொக்கோடு யூடியூப்பில் போட்டேன்.

பாய் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்த டொக் டொக் என்னா அது?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் பொருளுக்குப் போய், அதுவும் பாய் வீட்டுப் பொருளுக்குப் போய்ப் பொட்டு வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நாக்கு தானாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"பழைய ரெக்கார்டு இல்லையா பாய். எங்கயாச்சும் ஈரம் பட்டிருக்கும்."

"ஆமா, இருக்கும். உங்களுக்கு வீண் சிரமம், சாரி சிஸ்டர்," என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

யூடியூப்பில் கூட்டம் கூடிவிட்டது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதினார்கள். ஒருவன், 'இவ்வளவு அரிய பொருளை எவன் இப்படிப் பாழாக்கி வைத்திருந்தான்?' என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே ஜாபர் பாய் தன் பெயரிலேயே பதில் போட்டிருந்தார்: 'நான்தான் வைத்திருந்தேன். மன்னிக்கவும்.' அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்திங்குக்குப் போகலாம், நீங்களும் வாங்க என்று பாய் கூப்பிட்டார். போனில் கேட்டால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும், நல்ல ஸ்பீக்கர் மாட்டி லோகனைக் கேட்க வைக்கணும் என்றார். வர முடியாது என்று சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை. போனேன்.

லோகன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு கொஞ்சம் இழுத்தது, வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை.

"டேய் ஜாபர், தொப்பைய வெளிய விட்டுட்டு வாடா, ரெண்டும் சேந்து வந்தா வாசல் பத்தாது."

"நீ எந்திரிச்சு வந்து வழி விடுறதுதானே."

மகள் ஷாமினி தேநீர் வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் லேப்டாப்பில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டேன். சோலோ வந்தது. லோகனின் இடது கை விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் கம்பியை அழுத்துகிற மாதிரி அசைந்தன. டொக். விரல் நின்றது. டொக். மறுபடி அசைந்தது, மறுபடி நின்றது.

"என்னடா இது?" என்றார் லோகன். "அன்னைக்கே சொன்னேன், நீ என் சோலோல வந்து கண்டபடி தட்றன்னு. கேளு, நல்லா கேளு."

"நான் இல்லடா அது," என்றார் பாய். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரெக்கார்டு கெட்டுப்போச்சு. போன மழைக்கு சல்மா அலமாரி மாத்தி வெச்சா, அதுல ஈரம் எறங்கிடுச்சு. சிஸ்டர் ஈரம்னு சொன்னதும் நல்லா ஏசிட்டேன் அவள. இத்தன வருஷத்துல அப்படி ஏசினதில்ல. அன்னையிலேர்ந்து எங்கூடப் பேச மாட்டேங்கிறா."

சல்மா அவர் மனைவி. போன நோன்புப் பெருநாளைக்கு எனக்கு ரெண்டாங் கறி செய்து அனுப்பினவர். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, டொக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

"சல்மா மேல தப்பில்ல பாய்," என்றேன். "உங்க மேலயும் இல்ல. நீங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பூஜைக்கு நான் அதுல சந்தனம் வெச்சுட்டேன். அப்புறம் நகத்தால சுரண்டிட்டேன். ஈரம்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

லோகன் என்னைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"பொட்டா வெச்சீங்க?" என்றார். வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும் வந்தது. ஷாமினி முதுகைத் தடவினாள். "ஏ புள்ள, கேட்டியா? ஒங்கப்பன் சோலோவுக்குப் பொட்டு வெச்சிருக்காங்க."

பாய் சிரிக்கவில்லை. "பொட்டு வெச்சது பரவால்ல சிஸ்டர்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் கேட்டேன்ல? அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

அவர் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார்.

"என்ன?" என்றது சல்மாவின் குரல். கணவர் என்று நினைத்து, அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"சல்மா, நான் புனிதா பேசறேன்."

"அக்காவா?" குரல் உடனே இளகிவிட்டது. "சாப்பிட்டீங்களா அக்கா? பந்திங் வெயில்ல அவரு உங்கள அலைய விட்டாரா?"

சாப்பிட்டேன் என்றேன். பிறகு சந்தனத்தில் ஆரம்பித்து, ஈரம் என்று நான் சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கரண்டி எதிலோ படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவருகிட்ட குடுங்க அக்கா," என்றார் கடைசியில்.

பாய் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். சல்மா பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இவர் வாயைத் திறக்கவே இல்லை. அவர் அங்கே வாங்கிக்கொண்டிருந்த ஏச்சு என்னுடையது. நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"சிஸ்டர்," என்றார் லோகன். "நான் வாசிச்சத மறுபடி போடுங்க. பேச்சுல பாதிய விட்டுட்டேன்."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல்கள் அசைந்தன. டொக் வந்த இடத்தில் இந்தத் தடவை நிற்காமல் போயின. நான் ஷாமினி வைத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறுகிறவரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.