அப்பாவின் வயிற்றில் விழுந்த பால்

வெல்டரின் மகள் வாயால் குடித்த பால் முழுவதும், இரண்டு ஊர் தள்ளியிருந்த வெல்டரின் வயிற்றில் போய்ச் சேர்ந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே உணவுக்குழாய் கழுத்துக்குக் கீழே பைபோல மூடியிருந்தது. மறுபாதி இரைப்பைப் பக்கம் தனியே கிடந்தது. முதல் மடக்கிலேயே நுரை தள்ளி, உடம்பு நீலம் பாரித்தது. இரண்டு முனைகளும் தூரமாக இருப்பதால் ஒரு வயதை ஒட்டித்தான் இணைக்க முடியும் என்றார் டாக்டர். அதுவரை வயிற்றில் துளை போட்டு, குழாய் வழியாகப் பால். கழுத்தில் இன்னொரு துளை, எச்சில் வடிய. வாயிலும் கொஞ்சம் பால் கொடுத்துவர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை விழுங்கவே பழகாது. குடித்தது கழுத்துத் துளை வழியாக, அங்கே கட்டிய துணியில் வடிந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட வெல்டர், வார்டு வாசலில் மனைவியிடம், “எங்க பரம்பரையில யாருக்கும் இப்படிக் கிடையாது. உங்க பக்கம் விசாரிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். துணியைத் தொட்டதும் ஈரம் எவ்வளவு, எதனுடையது என்று கைக்குத் தெரியும். மகளின் கழுத்துத் துணியில் எச்சில் இருந்தது, பால் இல்லை. துவைக்கிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள். இரண்டு ஊர் தள்ளி வேலைக்குச் சேர்ந்த புதுப் பட்டறையில் வெல்டருக்குப் பசியே எடுக்கவில்லை. வேளாவேளைக்கு வயிறு முட்டியது, ஏப்பத்தில் பால் வாடை அடித்தது. கூட இருந்தவர்கள் பால்குடி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை வளர வளரப் பாலும் கூடியது. குனிந்து பற்ற வைக்க முடியாத அளவுக்கு ஆள் ஊதினான். கடைசியில் வீட்டு வாசலில் வந்து நின்றான். பிள்ளையைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“வாயில குடுக்குறத நிறுத்திடு. என்னால முடியல.”

“நிறுத்தினா அவளுக்கு விழுங்கத் தெரியாமப் போயிடும்.”

“அப்போ ஆபரேஷனைச் சீக்கிரம் பண்ணச் சொல்லு.”

“இப்பவாவது உங்களுக்கு அவசரம் வந்துச்சே” என்றபடி அவள் பிள்ளைக்குப் பாட்டிலைக் கொடுத்தாள். அவனுக்கு ஏப்பம் வந்தது.

ஆபரேஷன் அன்று அவன் நிலைகொள்ளாமல் நடந்ததைப் பார்த்த நர்ஸ், இப்படி ஒரு பாசக்கார அப்பாவைப் பார்த்ததில்லை என்றாள். தையல் போட்ட இடம் கசிந்து, காய்ச்சல் கண்டு, பிள்ளை போய்விடும் என்றிருந்து பிழைத்தது. பிறகு ஒருநாள் வாயால் குடித்த பால் அதன் வயிற்றுக்கே போனது. வெளியே பெஞ்சில் இருந்த வெல்டரின் வயிறு அமுங்கியது. எதிர்க்கடையில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினான். ஊர் போய் இறங்கும்போதே பசித்தது. அதன்பிறகு அவன் எதைத் தின்றாலும் மகளுக்குத்தான் வயிறு நிறைந்தது. சாகவில்லை, இளைத்தான், அவ்வளவுதான். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், சில நாள் தட்டைத் தள்ளிவைத்து, “அப்பா எங்கயோ சாப்பிட்டுட்டார்மா” என்பாள். அம்மா அதைத் தான் சாப்பிட்டுக்கொள்வாள்.

காய்ச்சல் வந்து மகள் வாயே திறக்காத நாட்களில் மட்டும் அம்மா அவனுக்கு ஆள் அனுப்புவாள். அவன் வந்து முன்னறையில் உட்கார்ந்து, வைத்ததைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பசியோடு திரும்பிப் போவான்.